பதினேழாம் எண்ணுக்கு மூன்றாவது தவணை

செராம் தீவின் வடகரையில் உள்ள கிளி மறுவாழ்வு நிலையத்தில் ஒபெத்துக்கு வேலை. வேலை என்பது கூண்டுகளுக்கு அருகே வாய் திறக்காமல் இருப்பது. ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பதும், பப்பாளி நறுக்குவதும், எச்சம் கழுவுவதும் கூடுதல் பொறுப்புகள்.

இந்தப் பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் தீவிலேயே இல்லை. முப்பது வருடம் கிளி பிடித்தவர். கனாரி மரத்து உச்சியில் நைலான் சுருக்குகளைக் கட்டி, பக்கத்திலே பழக்கின கிளி ஒன்றைக் கத்தவிட்டால், மற்றவை கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் வந்து இறங்கும். அப்புறம் மூங்கில் குழாய்க்குள் அடைப்பு, அப்புறம் கள்ளக் கப்பல். ஒருமுறை பிடிபட்டுச் சிறைக்குப் போய்த் திரும்பியவரை நிலையத்தார் மரியாதையாகக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். பிடிக்க அரை நாள்; பிடித்ததை மறுபடி காட்டுக்குத் தேற்ற இரண்டு வருடம். இந்த விகிதத்தில் அவர் செய்ததைச் சரிக்கட்ட இன்னும் சில பிறவிகள் வேண்டும். முதுகோ இந்த ஒரு பிறவிக்கே ஒத்துழைக்கவில்லை.

பதினேழாம் எண், ரோஜாநிறக் கொண்டை வைத்த பெண் கொண்டைக்கிளி. பதினோரு வருடம் அம்போன் நகரத்து அதிகாரி ஒருவர் வீட்டில் வளர்ந்ததால், மனித நிழல் பட்டாலே, "வாங்க, காப்பி குடிக்கிறீங்களா?" என்று விசாரிக்கும். தீவில் எந்த அரசு அலுவலகத்திலும் காணக் கிடைக்காத உபசாரம்தான். ஆனால் மரத்தின்மேல் இருந்து காப்பிக்குக் கூப்பிடும் கிளி ஒரு வாரத்துக்குள் மறுபடி கப்பலேறிவிடும். ஆகவே விதி: முப்பது நாள் ஒரு மனிதச் சொல்லும் வரக்கூடாது. மூன்று தவணை தவறினால் ஆயுளுக்கும் கூண்டு. பதினேழு ஏற்கெனவே இரண்டு தவறிவிட்டது.

மூன்றாவது தவணையில் இருபத்தெட்டு நாள் காப்பியைப் பற்றி மூச்சில்லை. அன்று காலை ஒபெத் வாளியை இறக்கி வைத்தார். பின்னாலிருந்து அவருடைய குரலே கேட்டது.

"அம்மாடீ... முடியல."

அவர் வாயைத் திறக்கவில்லை. கிளிதான் திறந்திருந்தது. வாளியை இறக்கும்போதெல்லாம் தாம் முனகுவது அவருக்கே அதுவரை தெரியாது.

மதியம் சாகோக் கூழையும் மீன் குழம்பையும் முன்னால் வைத்துக்கொண்டு மனைவி ஹெர்மினாவிடம் சொன்னார்.

"வீட்ல வாயைக் கிண்டினாலும் பேச்சு வராது. கிளிகிட்ட மட்டும் புலம்பத் தெரியுதோ?" என்றாள் அவள்.

"தானா வந்ததுடி அது."

"எனக்கும் தானாத்தான் முடியல. என்கிட்ட யாரு கத்துக்கிட்டா? சரி, டாக்டரம்மாகிட்ட சொல்லாம விட்டுத் தொலை."

"அந்தம்மா முன்னாடியே அது சொல்லிட்டா?"

கூழ் ஆறிப் பசையாகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அவரே நிலையத்துக் கால்நடை டாக்டர் வுலானிடம் போய் ஒப்புக்கொண்டார்.

"மாமா! இன்னும் ரெண்டே நாள்தானே இருந்துச்சு!" ஜாவாக்காரப் பெண், தலையில் கைவைத்துக்கொண்டாள். "எனக்கும் அதை அடைக்க மனசில்ல. ஆனா சொல்லு சொல்லுதானே?"

"ஒண்ணு கேளும்மா. நான் மரமேறினவன்." ஒபெத் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "காப்பி குடிக்கிறீங்களான்னு மேலேருந்து கேட்டா, வீட்டுக்கிளி தப்பி வந்திருக்குன்னு எவனும் ஏறிடுவான். ஆனா எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் ஏறின மரத்துல இன்னொருத்தன் ஏற மாட்டான். ஏறினா வெட்டுக்குத்துதான். உச்சியில 'முடியல'ன்னு ஒரு கிழவன் முனகினா கீழ இருக்கறவன் என்ன நினைப்பான்? முன்னாடியே எவனோ உக்காந்திருக்கான்னு அடுத்த மரத்துக்குப் போயிடுவான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "நிஜமா போயிடுவானா?"

"நானே போயிருக்கேன்."

அவள் வெகுநேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு அறிக்கையில், 'வேடர்களை விரட்டும் ஒலி; பயனுள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

முப்பதாம் நாள் மூன்று மணி நேரம் கூண்டைச் சுமந்து காட்டுக்குள் போனார்கள். கதவு திறந்ததும் பதினேழு கொஞ்சம் யோசித்தது. பிறகு மரங்களுக்கு மேலே ஏறி, ஆற்றைத் தாண்டி மறைந்தது.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பேசலாம் மாமா. சந்தோஷமா ஏதாவது சொல்லுங்க."

ஒபெத் காலிக் கூண்டின் கதவைச் சாத்தினார்.

"சாயந்தரத்துக்குப் பப்பாளி நறுக்கணும்மா" என்று சொல்லிவிட்டுக் கூண்டைத் தூக்கித் தோளில் வைத்தார்.