வந்து பார்க்கவும்

காலை பத்து இருபதுக்குத் தகவல் வந்தது. திரும்பி வந்த புத்தகங்களைத் தங்கை நூலக அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழைத்தவர் வீட்டுவசதி அலுவலகத்தின் கடைநிலை ஊழியர். அவர் டோக்கன் எண்ணைக் கூவினால் எதிர்த் தெருவில் போகிறவனும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று நின்று பார்ப்பான். அதனால் அவருக்கு ஊரெல்லாம் ‘மைக்’ என்றுதான் பெயர். அன்றைக்கு அவர் குரல் காதிலேயே விழவில்லை.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, ஒண்ணுமே கேக்கல" என்று தங்கை இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை கேட்டது.

அக்கா அந்த அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தாள். கையில் நாற்பத்தொன்றாம் டோக்கன் இருந்தது. மைக் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கவுன்சிலரம்மா அசந்து தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பப் போயிருக்கிறார்.

கவுன்சிலர்களுக்கென்று அந்த அலுவலகத்தில் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. பன்னிரண்டு வருடத்தில் அக்கா ஒரு நாளும் அதன் வழியாக நுழைந்ததில்லை. "பெஞ்சுல உக்காந்தாத்தான் எந்த வேலை எங்க சிக்கிக்கிட்டு நிக்குதுன்னு தெரியும். அந்தக் கதவு வழியாப் போனா டீதான் கிடைக்கும்" என்பாள்.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் போனவள், தங்கை கல்லூரி முடிக்கும்வரை நாளொன்றுக்கு நானூறு காலர் தைத்தாள். "மூஞ்சியே பாக்காம எத்தனை பேர் கழுத்தைப் புடிச்சிருக்கேன் தெரியுமா? அந்தப் பழக்கம்தான் இப்ப கவுன்சில்ல கைகொடுக்குது" என்று சிரிப்பாள். தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டாள். துணி கொடுக்க வந்தவர்கள் கூடவே ஒழுகும் கூரையையும் அடைத்த சாக்கடையையும் சொல்லிவிட்டுப் போனார்கள். துணியைத் தைத்துக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தேர்தலில் எந்தக் கட்சியும் இல்லாமல் நின்று, இருபத்தேழு ஓட்டில் ஜெயித்தாள்.

"அந்த இருபத்தேழு பேரும் யாருன்னு எனக்குத் தெரியும்" என்று தங்கையிடம் சொன்னாள். "எங்கிட்ட துணி குடுத்துட்டு இன்னும் திரும்ப வாங்காதவங்க. பயத்துல போட்டுட்டாங்க."

பன்னிரண்டு வருடத்தில் பெரிய கட்டடம் எதையும் அவள் திறந்து வைக்கவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு பொது அறையைத் திறக்க வைத்தாள், அவ்வளவுதான். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த அந்த அறையின் சாவி தங்களிடம் இல்லை என்று இரண்டு துறைகளும் மூன்று வருடம் கைகாட்டிக்கொண்டிருந்தன. அக்கா யாரிடமும் சண்டை போடவில்லை. வாரம் தவறாமல் குறைதீர்ப்புக் கூட்டத்தை அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால், நடைபாதையிலேயே நாற்காலி போட்டு நடத்தினாள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். பதினோராவது வாரம் சாவி கிடைத்துவிட்டது. இப்போது அங்கே வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்.

கடிதங்களை எழுதிக் கொடுப்பது மட்டும் தங்கையின் வேலை. ஞாயிறு காலை மெஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அக்கா தைத்துக்கொண்டே சொல்லுவாள்.

"‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’னு முடிச்சிருக்கேன். சரியா?"

"வெட்டு அதை. நாம என்ன கடனா கேக்கறோம்?"

"அப்புறம் எப்படித்தான் முடிக்கிறது?"

"‘வந்து பார்க்கவும்’னு போடு. போதும்."

"அது மரியாதையா இருக்காதுக்கா."

"வந்து பாத்தாங்கன்னா மரியாதை தானா வந்துரும்டி."

அன்றிலிருந்து எல்லாக் கடிதமும் அந்த இரண்டு வார்த்தையில்தான் முடிந்தது. தங்கைக்கு மட்டும் ஒரு மனக்குறை உண்டு. அக்கா ஊருக்கெல்லாம் அக்கா, தனக்கு மட்டும் கவுன்சிலராகிவிட்டாள் என்று.

"தலையணை உறை ஒண்ணு தைச்சுத் தரச் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு."

"வரிசைப்படி வரும். டோக்கன் எடுத்தியா நீ?"

மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணிகள். அவற்றில் மிச்சத் துணியில் கிழித்த நாடாக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இந்தக் குப்பையை எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று தங்கை ஒருமுறை கேட்டாள். "அதுதான்டி என் பீரோ" என்றாள் அக்கா. அதையும் கேலி என்றே தங்கை எடுத்துக்கொண்டாள்.

கடைசியாக எழுதிய கடிதம் மூன்றாம் எண் கீழ்த்தள வீட்டுக்காக. அங்கே சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண்ணும் அவளுடைய ஆறு வயது மகளும் இருந்தார்கள். சிறுமி மூச்சு விட்டால் நெஞ்சுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சீழ்க்கை கேட்கும். அக்காதான் அவளுக்கு ‘விசில்’ என்று பட்டம் வைத்தாள். விசிலுக்கு அந்தப் பெயரில் பெருமை. ஆனால் மருத்துவர் தாயிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தார். இன்னொரு மழைக்காலத்தை இந்த ஈரத்தில் இந்தக் குழந்தை தாங்காது.

இரண்டாம் மாடியில் காற்றோட்டமான ஒரு வீடு காலியாக இருந்தது. பொறியாளர் வந்து சுவரைப் பார்த்து ‘ஈரம் ஏறுகிறது’ என்று எழுதினால் அது இவர்களுக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு. மழைக்கு ஐந்து வாரம் இருந்தது. பொறியாளர் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகப் பதில் வந்திருந்தது. அதை உறுதி செய்துகொள்ளத்தான் அக்கா திங்கட்கிழமை போய் டோக்கன் எடுத்தாள்.

அக்காவை வழியனுப்பிய மறுநாள், வியாழக்கிழமை, அவளுடைய கைப்பையில் அந்தப் பதில் கடிதம் மடித்தபடி கிடைத்தது. தங்கை அதை இரண்டு முறை படித்தாள். வெள்ளி காலை பத்து மணிக்கெல்லாம் மூன்றாம் எண் வீட்டு வாசலில் நின்றாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா நிற்க வேண்டிய இடத்தில் யாராவது ஒருத்தர் நிற்க வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது.

கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசனை மூக்கில் அடித்தது. நான்கு சுவரும் முட்டை ஓடு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன.

"என்னம்மா இது?"

"நேத்து ராத்திரிதான் அடிச்சு முடிச்சேன்" என்றாள் தாய். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அக்கா சொல்லி ஆபீசர் வர்றாரு. அக்கா இல்லாத நேரத்துல வீடு அசிங்கமாக் கிடந்தா யாருக்குக் கேவலம்? இப்படி வீட்டை வச்சிருக்கறவளுக்கா அந்தம்மா அலைஞ்சாங்கன்னு கேப்பாங்கல்ல?"

தங்கை நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். எதைப் பார்க்க வருகிறார்களோ அதையே இவள் மூடி வைத்திருக்கிறாள். அதுவும் அக்காவின் பெயர் கெடக்கூடாது என்று.

"அக்கா போட்ட கோடெல்லாம்?"

அக்கா தையல் சாக்பீஸால் ஈரத்துக்கு ஒரு விரல் மேலே கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டுப் போவாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"பழைய கோட்டையெல்லாம் ஈரமே தின்னுடுச்சு. கடைசிக் கோடு ஒண்ணுதான் மங்கலாத் தெரிஞ்சுச்சு..." தாய் அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் வெள்ளை. "ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!"

விசில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெயின்ட் நெடியில் சீழ்க்கை அதிகமாகியிருந்தது. "கோடு போனா என்ன? அக்கா ஒவ்வொரு தடவையும் நாடாவுலயும் தைப்பாங்களே. சுவத்துல வச்சு அளந்துட்டு, இங்கயே உக்காந்து தைப்பாங்க" என்றாள்.

"எந்த நாடா?"

"நீல நூல் நாடா."

தங்கை செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வீட்டுக்கு ஓடினாள். ஆணிகளில் தொங்கிய குப்பையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நாடாவின் அடியிலும் வீட்டு எண் பேனாவால் எழுதியிருந்தது. சிலவற்றின் நுனியில் முடிச்சு, சிலவற்றில் இல்லை. முடிச்சு போட்ட எண்களைப் படித்தபோது அவளுக்குப் புரிந்தது. அவை வேலை முடிந்த வீடுகள். அந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் எழுதியவள் அவள்தான். ‘மூணு கீழ்’ என்று எழுதிய நாடாவில் முடிச்சு இல்லை.

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது பொறியாளர் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"சுவர் நல்லாத்தாங்க இருக்கு" என்று தயக்கத்தோடு சொன்னார்.

தங்கை குனிந்து, நாடாவின் அடி முனையைத் தரையில் வைத்து விசிலிடம் காலால் அழுத்திக்கொள்ளச் சொன்னாள். மறுமுனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். ஆறு நீலத் தையல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மையில் ஒரு தேதி. முதல் தையல் தங்கையின் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஆறாவது, விசிலின் உச்சந்தலைக்கு நேராக இருந்தது.

"நானும் வளர்றேன், அதுவும் வளருது" என்றாள் விசில்.

பொறியாளர் தேதிகளைப் படித்தார். "கடைசியா அளந்தது இந்தத் தேதியிலதானா?"

"ஆமா, போன புதன்கிழமை" என்றாள் தாய்.

"இதை எப்படிங்க நான் ஃபைல்ல சேக்கறது? துணி நாடாவை..."

"சேக்க வேணாம். கையை வச்சுப் பாருங்க" என்றாள் தங்கை.

அவர் கையைத் தலைக்கு மேலே சுவரில் வைத்தார். பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. அங்கிருந்து மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார். கடைசித் தையலுக்கு நாலு விரல் மேலே வந்ததும் கை வழுக்கியது. அதற்குக் கீழே பெயின்ட் பாலாடை மாதிரி உரிந்து உள்ளங்கையோடு வந்தது. அவர் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒன்பது நாள்ல நாலு விரல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நாடாவையும் சுவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார். எழுத உட்கார்ந்தபோது பேனாவில் வெள்ளை ஒட்டியது. தாய் ஓடிப்போய்த் துணி கொண்டுவந்தாள்.

"இவ்வளவு அளந்திருக்காங்களே, கவுன்சிலரம்மா முன்னாடி என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டார்.

"காலர் தைச்சாங்க" என்றாள் தங்கை.

பத்து நாள் கழித்து மைக் போன் செய்தார். "மூணு கீழ்! ரெண்டாம் மாடி! சாவி வாங்கியாச்சு!" தங்கை போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தம் கூடாது என்று தினமும் ஊருக்கே சொல்கிறவள், அன்றைக்கு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

மாலையில் மாடிக்குச் சாமான் ஏற்ற உதவினாள். புது வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசில் எட்டி எட்டிக் கீழே பார்த்தாள். சீழ்க்கை இன்னும் இருந்தது. மருத்துவர் சொன்னபடி அது குறைய நாளாகும். பிறகு தங்கை அக்கா வீட்டுக்குப் போய் ‘மூணு கீழ்’ நாடாவின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டாள். அவளுக்குத் தையல்காரர் முடிச்சு வராது. செருப்பு வாரில் போடுகிற மாதிரிதான் வந்தது. அதை அதன் ஆணியில் மாட்டினாள்.

நூல் பிசிறை வெட்டக் கத்தரிக்கோல் தேடினாள். மெஷின் மேல் போர்த்தியிருந்த துணியை அக்கா போன பிறகு யாரும் எடுத்திருக்கவில்லை. தங்கை எடுத்தாள்.

ஊசி கீழே இறங்கி நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு தலையணை உறை. ஓரத்தில் குண்டூசியால் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. அதில் ‘டோக்கன் 1’ என்று அக்காவின் கையெழுத்து. மூன்று பக்கம் தைத்திருந்தாள். திறந்த பக்கத்தின் ஓரம் மடித்துத் தைப்பதற்குப் பாதி வரைக்கும் வந்திருந்தது.