அசலில் பெண் கொடுக்காத வீடு

முழுதாகத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலாமா? யோசித்து யோசித்துச் சலித்துவிட்டேன். பதில் வந்தபாடில்லை.

என் மகள் பிறந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஆரணியில், தறி ஓடும் வீட்டில். தொட்டிலுக்கும் தறிகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சத்தத்தில் குழந்தை அசையாமல் தூங்குவாள். பார்க்க வருகிறவர்களிடம் அத்தை பெருமையாகச் சொல்வார். அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. என் மாமியாரும் அவரே.

"தலமொற தலமொறயா தறி சத்தத்துலயே வளந்த ரத்தம். காது பழகிப்போச்சு. அசல்லேர்ந்து ஒரு கொயந்தய கொணாந்து இங்க போடுங்க, வீல்னு கத்தும்."

எங்கள் பக்கம் அசல் என்றால் சொந்தமில்லாத குடும்பம். புடவைக் கடையில் மட்டும் அசல் பட்டு என்றால் கலப்பில்லாதது என்று அர்த்தம். ஒரே சொல்லைக் கடையில் தேடி வாங்குகிறோம், கல்யாணத்தில் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

அத்தை சொன்னதை நானும் நம்பினேன். பள்ளியில் உயிர்கள் சூழலுக்கேற்ப மாறுவதைப் பற்றிப் பரீட்சையில் எழுதியவள் நான். ஆனால் அப்படி மாற எத்தனை ஆயிரம் வருடம் ஆகும் என்பதைத் தொட்டிலருகில் மறந்துவிட்டேன். அமாவாசை அன்று தறிக்கு விடுமுறை. வீடு அமைதியாக இருந்த அப்படி ஒரு நாளில், தவழும் பருவத்திலிருந்த மகளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. கைதட்டினேன். தாம்பாளத்தைத் தரையில் தட்டினேன். அவள் பாட்டுக்கு ஒரு நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல பரிசோதனைகளுக்குப் பிறகு, டாக்டரம்மா எங்களைப் பார்த்து, "சொந்தமா?" என்று கேட்டார்.

"சொந்தக் கொயந்ததாங்க," என்றார் அத்தை. "தத்து எடுத்துகினா வந்தோம்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பொண்ணும் மாப்பிள்ளையும் சொந்தமான்னு கேட்டேன்."

நான் விளக்கினேன். அவர் தாளில் கோடுகள் போட்டு, வட்டமும் சதுரமும் வரைந்து காட்டினார். சொந்தத்துக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கல்யாணம் செய்தால் இப்படிப்பட்ட குறை வெளியே வர வாய்ப்பு அதிகம் என்றார்.

"இனிமே உங்க வீட்ல அசல்லயே பாருங்க."

"சொந்தத்துல பண்ணா கண்டிப்பா வருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். எதிர்காலத்துல ரத்தத்தைப் பாத்தே சொல்லிடுவாங்க, வயித்துல இருக்கும்போதே கூடச் சொல்லிடுவாங்க. இன்னிக்கு என்கிட்ட அந்த வசதி இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. பாதி வழி வரை கூட்டிப்போய் விடுவதற்கு எதற்கு அறிவு?

என் கணவருக்கு, புடவையில் பூ விழுவதற்கான ஜக்கார்டு அட்டைகளில் துளை போடும் வேலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரே பேசினார். "நீ ஒரு அட்ட, நான் ஒரு அட்ட. ரெண்டும் ஒரே பழைய அட்டையப் பாத்து அடிச்சது. உன்துல உட்டுப்போன தொள என்துலயும் உட்டுப்போயிருக்கு. வேற ஊர் அட்டயா இருந்தா ஒண்ணுல இல்லாதத இன்னொண்ணு சரி பண்ணியிருக்கும்." டாக்டரம்மா சொன்னதைவிட அது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டதுதான் புரியவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் இன்னொரு கல்யாணம் பாக்கி இருக்கிறது. எங்களிடம் பெண் எடுத்தால் பெண் கொடுக்க வேண்டும். என் கல்யாணத்தின்போதே, என் நாத்தனாரை என் தம்பிக்குத் தருவதாக அத்தை வாக்குக் கொடுத்துவிட்டார். அதே பழைய அட்டையின் இன்னும் இரண்டு நகல்கள்.

அதன்பின் காது கேட்கும் கருவி என்று மகளின் மார்பில் ஒரு சிறு பெட்டியும் காதில் ஒரு குமிழும் வந்தன. பெட்டி கரகரத்தால் அவள் பிடுங்கி எறிவாள், நான் எடுத்து மாட்டுவேன். தெருவில் அவளுக்கு 'ரேடியோ பாப்பா' என்று பெயர். அதே சமயம் கணவரின் வேலைக்கும் ஒரு பயம் வந்தது. வெளியூரில் கம்ப்யூட்டரே பூ வரைந்து துளையும் போட்டுவிடுகிறதாம். ஒரு வாரப் பத்திரிகையில், கார் தொழிற்சாலையில் இரும்புக் கை ஒன்று வேலை செய்யும் படம் வந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பசிக்காது. மச்சான் கல்யாணம்னு லீவு கேக்காது. நானே மொதலாளியா இருந்தா இத்தத்தான் வாங்குவேன்," என்றார்.

கண்ணமங்கலம் பக்கம் அவருடைய சிநேகிதர் மல்பெரி போட்டிருந்தார். கூட்டுச் சேர்ந்து பட்டுப்புழு வளர்க்கலாம் என்று யோசனை. புழு முட்டை தயாரிக்கும் நிலையம் ஒன்றைப் பார்க்கப் போனபோது நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி ஆர்வமாக விளக்கினார். தாய் நம் நாட்டு மஞ்சள் ரகம், தகப்பன் வெளிநாட்டு வெள்ளை ரகம். கலந்தால் நூல் நீளமாக வரும், நோயும் தாங்கும்.

"அந்தக் கூட்டுலேர்ந்து நாங்களே முட்டை எடுத்து வச்சிக்கலாமா?" என்று கேட்டார் கணவர்.

"எடுக்காதீங்க. சொந்தத்துக்குள்ளயே போனா அடுத்த ஈட்டுப் புழு சொதப்பிடும். ஒவ்வொரு தடவையும் எங்ககிட்டதான் வந்து வாங்கணும்."

கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசை மேல் வெள்ளைப் பூச்சிகள் சிறகடித்தன. பறக்கவில்லை. மனிதர் வளர்த்து வளர்த்து, பறப்பதே மறந்துபோன பூச்சி அது. முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை ஒரு பெண் நசுக்கி, அந்தச் சாற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நோய் இருந்தால் அது இட்ட முட்டை எல்லாவற்றையும் எரித்துவிடுவார்களாம்.

அதைக் கேட்டதும் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். டாக்டரம்மா சொன்ன எதிர்காலம் இப்படித்தான் இருக்குமோ? முன்பே தெரிந்திருந்தால் இவளைப் பெற விட்டிருப்பார்களா? நானே விட்டிருப்பேனா? வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னால், இவள் பிறந்திருக்கக் கூடாது என்று நானே சொன்னதாகிவிடாதா? அங்கேயே அழுதுவிட்டேன். என்னைச் சமாதானப்படுத்த யாராலும் முடியவில்லை. அதிகாரி காப்பி வாங்கிவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் பேசிப் பார்த்தேன்.

"புழுவும் மனுசாளும் ஒண்ணா? அது நெளியற ஜென்மம்," என்றார்.

"உடம்பு எல்லாருக்கும் உடம்புதான் அத்த."

"அசல்ல குடுத்தா என் பொண்ணு மூஞ்சிய யாரு பாப்பாங்க? உன் தம்பின்னா அடிக்க மாட்டான், சோறு போட்டானான்னு நான் போய்க் கேக்க வேணாம். உன்ன இங்க யாரு இன்னா சொன்னாங்க சொல்லு? அசல்ல போயிருந்தா, காது கேக்காத கொயந்தயோட உன்ன ஒங்கப்பன் வூட்டுக்கு அனுப்பியிருப்பான். சும்மா பேஜார் பண்ணாத."

அதுதான் என் வாயை அடைத்தது. அவர் சொன்னது உண்மை. மகளை அத்தை ஒரு நாளும் குறையாகப் பார்த்ததில்லை. சைகையில் அவளோடு கதை பேசுகிறவரும் அவர்தான். எந்தச் சொந்தத்தால் குறை வந்ததோ, அந்தச் சொந்தம்தான் எங்களைத் தாங்குகிறது. எந்த விஞ்ஞானப் புத்தகத்தில் இதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்?

கணவரைக் கேட்டால், "வார்த்த குடுத்தது எங்கம்மா. நான் எப்டி மாத்தறது?" என்கிறார். புழு விஷயத்தில் மட்டும் அதிகாரி சொன்னபடியே நடக்கிறார். ஒவ்வொரு ஈட்டுக்கும் புது முட்டைதான் வாங்குகிறார்.

போன வாரம் நாத்தனார் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நிச்சயதார்த்தம்னா ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிறீங்க? என் மேல இன்னா கோவம்?"

"கோவம்லாம் இல்ல."

"உங்க தம்பிக்கு வேற எடம் பாத்துகினு இருக்கீங்களா?"

"இல்லடி."

"அப்ப இன்னா? சொல்லுங்க."

குடம் நிரம்பி வழிந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணில் நீர் நின்றது. என் தம்பியைச் சின்ன வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிற பெண். "அப்புறம் பேசிக்கலாம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. தம்பியும் வீட்டுக்கு வருவதைக் குறைத்துவிட்டான்.

தை பிறந்ததும் தட்டு மாற்றப்போகிறார்கள். படிப்பவர்களில் இப்படிச் சொந்தத்தில் கல்யாணம் செய்து, நல்லபடியாகவோ குறையோடோ பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். டாக்டர் சொன்னதை நான் முதலில் நாத்தனாரிடம் சொல்வதா, தம்பியிடம் சொல்வதா, இருவரையும் வேலூருக்கே கூட்டிப்போய் அங்கே கேட்கவைப்பதா? சொன்ன பிறகும் அவர்கள் செய்துகொள்கிறோம் என்றால், நான் முகம் கோணாமல் பந்தியில் பரிமாறலாமா? உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். தைக்கு முன்னால் தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.