சிற்றலை எடுக்கும் ரேடியோ

சுதந்திரம் வருவதற்குள் வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்கியே தீர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் ரேடியோ கிடையாது. எனக்கோ ரேடியோ என்ற பேச்சே ஆகாது.

ஜப்பான்காரன் காலத்தில், வெளிநாட்டுச் செய்தி யாரும் கேட்கக் கூடாது என்று எல்லா ரேடியோவிலும் சிற்றலைக் கம்பியை வெட்டிவிட்டார்கள். என் அப்பா அந்தக் கம்பியை மறுபடி ஒட்டிவைத்து, சமையலறையில் போர்வைக்குள் தலையை விட்டுக் கேட்பார். ஒருநாள் மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தவரை அப்படியே எழுப்பிக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு சீனர் ரேடியோக் கடைக்குப் போனோம். பெண் பார்க்கப் போனவர் மாதிரி என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக நோட்டம் விட்டார். சின்ன ரேடியோ உள்ளூர் நிலையத்தை மட்டும் எடுக்கும். பெரியதில் சிற்றலை உண்டு, சிலோன்கூட எடுக்கும்.

“சின்னதே போதுங்க,” என்றேன்.

“சிலோன் பாட்டுக் கேக்காத ரேடியோ எதுக்கு? சப்பான்காரன் போயி எவ்வளவு காலமாச்சி, இன்னும் பயந்து சாவுறியே.”

அவருக்கென்ன, அன்றைக்கு அந்தச் சோற்றுத் தட்டைக் கழுவி வைத்தவள் நானல்லவா. கடைக்கார தவுக்கேயிடம் நானே மலாயில் கேட்டேன். பெரியதையே எடுத்துக்கொள்கிறோம், சிற்றலையை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு மானம் போயிற்று. தவுக்கே சிரிக்கவில்லை. “அப்போது ஜப்பான்காரர்கள் சொல்லி இந்தக் கையால் நிறைய வெட்டினேன். இனிமேல் மாட்டேன்,” என்று மலாயில் சொல்லிவிட்டு, பெரிய ரேடியோவைத் துடைத்து எங்கள் முன் வைத்தார். அதையே வாங்கி வந்தோம்.

வீட்டில் அவர் சிலோனைத் திருப்பும்போதெல்லாம் நான் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்துவேன். சுதந்திர தினத்தன்று காலையும் சாத்தித்தான் வைத்திருந்தேன். யாரோ பின்கதவைத் தட்டினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. வந்தது பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அக்கா; மலாயே பேசும் பழைய தமிழ்க் குடும்பம்.

“புக்காலா,” திறந்து வையேன், எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று மலாயில் அலுத்துக்கொண்டு, ஜன்னலையெல்லாம் அவளே திறந்தாள். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து கூடம் நிறைந்துவிட்டது. ‘மெர்டேக்கா’ என்று ரேடியோவில் சுதந்திர முழக்கம் எழுந்ததும் எல்லோரும் ரேடியோவைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் மட்டும் ரேடியோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று தெருவாசலையே பார்த்தபடி நின்றேன்.