கரையேற ஆறு மணி நேரம்

அக்கா அவர்களின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். எனக்குப் பேசத்தான் வரும். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மீதியைத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பெயர்ப் பலகைகளைப் பார்த்தும், வந்துபோகும் சனங்களின் வாயைக் கேட்டும் படித்துக்கொண்டேன். எழுத்தில் பேச்சு கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். “அம்மாவப் பத்தி நல்லதா நாலு பக்கம் எழுதுங்க மாமா” என்று அக்காவின் ஒரே மகன், என் மருமகன், கேட்டுக்கொண்டான். நல்லதைத்தான் எழுதுகிறேன். அதோடு நான் செய்த தவறு ஒன்றையும் எழுதுகிறேன். அதற்கும் அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அக்கா அவர்கள் சேவுகம்பட்டியில் குத்தகை நிலத்தில் வெங்காயம் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் இளையவன். அம்மா இறந்தபோது அக்காவுக்கு வயது பதினான்கு. அன்றோடு பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டினார். எனக்குச் சோறு போட்டதும் அடி போட்டதும் அந்த ஒரே கைதான். பிறகு செம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் பரோட்டா மாஸ்டர். மருமகன் பிறந்த மறு வருடம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். மாதம் ஒரு கடிதம் வரும். ஒரே ஒரு முறை ஊருக்கு வந்து ஒன்றரை மாதம் இருந்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தது தொலைபேசி.

செம்பட்டி முக்கில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அக்காவை ஓடிவரச் சொன்னார்கள். அத்தானோடு வேலை பார்த்தவர் பேசினார். காய்ச்சல், நான்கு நாள் ஆஸ்பத்திரி, முடிந்துவிட்டது, உடம்பை அனுப்ப வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றார். பின்னாலேயே அவரிடமிருந்து ஒரு கடிதமும், மலாய் மொழியில் முத்திரை குத்திய ஒரு தாளும் வந்தன. கடிதத்தில் இடுகாட்டின் முகவரி இருந்தது. அந்தத் தாளைப் படிக்க திண்டுக்கல் சீமையில் ஆள் இல்லை.

அக்காவின் மாமியார் தாளைத் தூக்கி எறிந்தார்கள். “எம் மகன் பொணத்த நீ பாத்தியா, நான் பாத்தேனா? பாக்காம எவடி தாலியக் கழட்டுறது?” என்று வாசலில் நின்று கேட்டார்கள். ஊரும் சும்மா இருக்கவில்லை. “அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துறானாம்ல, இங்க செத்துட்டேன்னு சொல்லி அனுப்பிட்டானாம்” என்று குழாயடியில் பேசினார்கள். அக்கா தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை.

ஆனால் பிள்ளையை வளர்க்க வேண்டும். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் உதவியாளர் வேலைக்கு விதவைச் சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை உண்டு என்றார்கள். அந்த மலாய்த் தாளை எங்கெங்கோ கொடுத்து மொழிபெயர்த்து வாங்கி, நான்தான் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அதிகாரி அக்காவின் கழுத்தைப் பார்த்தார். “என்னம்மா இது, விதவைன்னு எழுதிருக்கு, தாலியோட வந்து நிக்கிற?” என்றார். அக்கா தலையைக் குனியவில்லை. “இது எங்க அத்தைக்கு சார். அந்தக் காகிதம் எம் மகனுக்கு” என்றார். கையெழுத்து விழுந்தது.

அப்படிப் பத்துப் பதினைந்து வருடம். காகிதத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று. கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அக்காவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்று அக்கா நேராக அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். நம் சொந்தத்தில் எத்தனை விசேஷங்களில் அக்காவின் கைச் சாம்பாரைச் சாப்பிட்டிருப்பீர்கள். அவர் ஏன் அங்கேயே நின்றார் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், காரணம் இருக்கிறது. நான் பேருந்து நிலையத்தில் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பர். விசில் ஊதினால்தான் வண்டி நகரும். சனிக்கிழமைதோறும் அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்புவார். வெஞ்சனக் குழம்பைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக் கொடுத்து முடிக்க என் மனைவிக்கு எப்படியும் நேரமாகிவிடும். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பேன். “என்னப்பா, அக்கா வந்தாச்சா? எடுத்துரலாமா?” என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். “செத்த பொறுண்ணே” என்பேன். என் வாழ்க்கையில் அக்காவுக்கு நான் செய்த ஒரே உபகாரம் அந்த இரண்டு நிமிடம்தான்.

மருமகன் டிப்ளமோ முடித்துச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். போன மூன்றாம் வருடம் தொலைபேசியில் பேசினான். “அம்மா, இங்கேருந்து ஒரு சுற்றுலாக் கப்பல் நாலு நாளைக்குப் போகுது. பினாங்குல நிக்குது. நீங்களும் மாமாவும் போயிட்டு வாங்க.” அவனுக்கு விடுமுறை இல்லை. தெரியாத ஊரில் நாங்கள் இருவரும் தனியே அறை எடுத்துத் தங்கத் தைரியமில்லை. கப்பல் என்றால் சோறும் படுக்கையும் அதற்குள்ளேயே. இறக்கிவிடும், ஏற்றிக்கொள்ளும். பேருந்து மாதிரி. அக்கா, “எத்தன மணி நேரம் நிக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

ஆறு மணி நேரம். பகல் பன்னிரண்டுக்கு வந்து மாலை ஆறுக்குப் புறப்படும். ஐந்து மணிக்குள் கப்பலுக்குள் இருக்க வேண்டும். புதன்கிழமை.

மருமகன் அனுப்பிய வண்ணப் புத்தகத்தில் ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள் போட்டிருந்தன. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். கரையில் இறங்கிப் பார்ப்பது என்று நான் சொன்னதற்கு அக்கா, “கப்பல்லேருந்து கரைக்கு ஏறத்தானலே செய்வாக? இறங்குறதுன்னு சொல்றே” என்று திருத்தினார்.

பினாங்கில் பாம்புக் கோவில் இருக்கிறது என்றேன். “நம்ம வயக்காட்டுல இல்லாத பாம்பா?” மலைக்கு ரயில் போகிறது என்றேன். “பழனி விஞ்சுல ஏறியாச்சு.” புக்கெட் என்ற அடுத்த ஊரில் யானைச் சவாரி என்றேன். “அம்புட்டுத் தூரம் போயி யானையப் பாக்கணுமாக்கும். அந்த ஊர்ல நாம ஏற வேணாம். துணியத் தொவச்சுக் கப்பல்லயே காயப்போடுவோம்.” சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு பெட்டியைத் திறந்து, மடிப்புகள் கிழிந்துபோன பழைய கடிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். “இந்த எடத்துக்கு மட்டும் டைம் போடு” என்றார்.

போட்டேன். பேருந்து அட்டவணை எழுதும் நீளத் தாளில், கட்டம் கட்டி எழுதினேன். எழுதும்போது வழக்கம்போல் நாட்காட்டியைப் பார்த்தேன். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகு காலம். கப்பல் நிற்கிற அதே நேரம். முதல் வரியாக, ‘1.30 வரை கப்பலில் இருத்தல்’ என்று எழுதினேன்.

அக்கா பார்த்துவிட்டு, “செத்தவரப் பாக்கப் போறதுக்கு ராகு காலம் என்னலே?” என்றார்.

யோசிக்காமல் என் வாய் பேசிவிட்டது. “செத்தாரா இல்லையான்னு பாக்கத்தானேக்கா போறோம்.”

அக்காவின் முகத்தில் அப்போது தோன்றியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அத்தனை வருடமும் அவர் மாமியாருக்காகத்தான் தாலியைச் சுமக்கிறார் என்று நானும் நினைத்திருந்தேன். மெதுவாக, “சரி, ஒன்றரைக்கே போவோம். எந்திரிச்சுப் போற நேரம் நல்லதா இருக்கட்டும்” என்றார். ராகு காலம் பார்க்காமல் போனால், அத்தான் உயிரோடு இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் ஒத்துக்கொண்டார். இது எனக்கு அன்று புரியவில்லை.

குழாயடியில், “புருசனத் தேடப் போறாளா, ஊர் சுத்தப் போறாளா” என்றார்களாம். அக்கா காதில் வாங்கவில்லை. அத்தானுக்குப் பிடித்த எள்ளுருண்டை செய்து எடுத்துக்கொண்டார். உயிரோடு இருப்பவருக்கா, படையலுக்கா என்று நான் கேட்கவில்லை.

சிங்கப்பூர் போய், மருமகன் ஏற்றிவிடக் கப்பல் ஏறினோம். அந்தப் புதன்கிழமை கப்பல் சரியாகப் பன்னிரண்டுக்குக் கரை சேர்ந்தது. எல்லோரும் திபுதிபுவென்று இறங்கினார்கள். நாங்கள் இருவரும் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா புதுச்சேலை கட்டியிருந்தார். எள்ளுருண்டை டப்பா மடியில் இருந்தது. ஒன்றரைக்கு நான் கையசைத்தேன், எழுந்தோம்.

அதற்குள் துறைமுக வாசலில் இன்னொரு கப்பல் கூட்டமும் சேர்ந்துவிட்டது. வெளியே வர முக்கால் மணி நேரம். நல்லவேளையாகத் தமிழ் பேசும் டாக்சிக்காரர் கிடைத்தார். இடுகாட்டுக்குப் போய்ச் சேர மூன்று. பொறுப்பாளர் வேறொரு அடக்கத்துக்குப் போயிருந்தார். அவர் வந்து, பழைய பதிவேடுகளை இறக்கித் தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டும்போது நான்கு மணி தாண்டிவிட்டது.

பெயர் இருந்தது. தமிழில் எழுதியிருந்தது. அத்தானின் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர் செம்பட்டி. அக்கா அந்த வரியின் மேல் விரலை வைத்தார். விரலை எடுக்கவே இல்லை.

“பின்பக்கம்ங்க” என்றார் பொறுப்பாளர். “அந்தப் பகுதில புல்லு மண்டிக் கெடக்கு. நம்பர் கல்லு பாதி சாஞ்சிடுச்சு. தேடிப் பாக்கணும், எப்படியும் அர மணி நேரம் ஆகும். வாங்க.”

டாக்சிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். நாலேகால். சாலையில் நெரிசல், இப்போதே கிளம்பினால்தான் ஐந்துக்குச் சேரலாம் என்றார். எங்கள் பாஸ்போர்ட் கப்பலில் இருந்தது. நான் மனக்கணக்குப் போட்டேன். இருபது வருடம் அதைத்தானே செய்தேன்.

“அக்கா, நேரமாச்சு” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “பஸ்ஸா இருந்தா நிப்பாட்டி வச்சிருப்பேல்ல?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எள்ளுருண்டை டப்பாவைப் பொறுப்பாளர் கையில் கொடுத்தார். “அவுகளுக்கு வச்சிருங்கண்ணே” என்றார். வெளியே வரும்போது சுவரில் ஒரு தமிழ் நாட்காட்டி தொங்கியது. பழக்கத்தில் என் கண் போனது. புதன்கிழமை ராகு காலம் ஒன்றேகால் முதல் இரண்டேமுக்கால் வரை என்று போட்டிருந்தது. பொறுப்பாளரிடம் கேட்டேன். “இங்க சூரியன் ஏழு மணிக்கு மேலதான்ங்க உதிக்கும். உங்க ஊருக் கணக்கு இங்க செல்லாது” என்றார். நல்ல நேரம் முழுவதும் கப்பலில் உட்காரவைத்துவிட்டு, சரியாக ராகு காலத்தில் அக்காவைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். பன்னிரண்டுக்கே முதல் ஆளாக இறங்கியிருந்தால் அக்கா அந்தக் கல்லைத் தொட்டிருப்பார்.

கப்பல் நகர்ந்தபோது அக்கா மேல்தளத்துக்கு வரவில்லை. அறைக்குள் கண்ணாடி முன் உட்கார்ந்து தாலியைத் தானே கழற்றினார். அதற்கென்று கூடும் பெண்கள் இல்லை, அழுகை இல்லை. மேசையில் கிடந்த என் அட்டவணைத் தாளில் அதை மடித்து என் கையில் கொடுத்தார். “இனிமே கல்யாண வீட்டுல எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்லே” என்றார். “சாப்பிடப் போவமா, பசிக்குது.”

ஊர் திரும்பி நாலாம் மாதம் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள். பலன் இல்லை. கடைசி வாரத்தில் அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இப்ப அங்க மணி என்ன?” என்று கேட்பார். இரண்டரை மணி கூட்டிச் சொல்வேன். “விடிஞ்சிருக்குமா?” என்பார். ஒரு காலைப்பொழுதில், நான் மணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் மூடினார்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த சத்துணவுக்கூடத் தோழியர் மூவருக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணை இருந்த சொந்தங்களுக்கும், அக்காவைச் செம்பட்டிக்குக் கொண்டுவந்தபோது கூலி கேட்காமல் வண்டி ஓட்டிய ஓட்டுநர் நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொண்ட அக்காவின் மாமியாருக்கும்தான். பதிவேட்டில் பெயர் இருந்தது என்று நான் சொன்ன அன்று, அந்த அம்மா எழுந்து வந்து, மருமகளின் வெறும் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்கள்.

கடல் தாண்டி நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவர் உண்டு. பினாங்குப் பொறுப்பாளர் புல்லை வெட்டி, சாய்ந்த கல்லை நிமிர்த்தி, படம் எடுத்து, நான் விட்டுவந்த முகவரிக்கு அனுப்பியிருக்கிறார். அக்கா இறந்து பதினாறாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. படத்தில், கல்லின் முன்னால் எங்கள் டப்பா திறந்தபடி இருந்தது.

அக்காவின் சாம்பலில் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் மருமகன் சிங்கப்பூரிலிருந்து பேருந்திலேயே பினாங்குக்குக் கொண்டுபோகிறான். “மாமா, நீங்களே டைம் போட்டுக் கொடுங்க” என்றான். போட்டுக் கொடுத்திருக்கிறேன். நாட்காட்டியைப் பார்க்கவில்லை. புறப்படும் நேரம் எழுதியிருக்கிறேன், சேரும் நேரம் எழுதியிருக்கிறேன். திரும்பும் நேரம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

இங்ஙனம்,
அக்காவின் தம்பி