பெரில் ஒட்டிய மூக்கு

பெரில் ஸ்கட்டின் முன்கைகள் வருடம் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும். ஃபைபர் துணியை வெட்டி, ரெசின் பசை பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களுக்கு அது கூடவே வரும் வியாதி. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பன்றிகள் காலி செய்துவிட்டுப் போன ஒரு கொட்டகையில், தம்பி டெனிஸின் பந்தயக் கார்களுக்கு மேல்கூடு செய்தவள் அவள். ‘ட்ரான்டர் ரேசிங்’ என்று பிறந்த வீட்டுப் பெயரைக் கொட்டகைக் கதவில் எழுதியதும் அவள்தான். பத்திரிகைகளோ டெனிஸின் பெயரைத்தான் போட்டன. அவளைப் பற்றி ஒரே ஒரு தடவை எழுதினார்கள். நல்ல தேநீர் போடுவாளாம். அதைப் படித்த பிறகு அந்த வாரம் முழுக்க அவள் யாருக்கும் தேநீர் போடவில்லை.

எழுபத்து மூன்றாம் வருடம் அவர்கள் கட்டிய கார் எப்படியோ அமைந்துவிட்டது. ஏன் என்று டெனிஸுக்கே தெரியாது. பார்முலா த்ரீ பந்தயங்களில் பெரிய கம்பெனிக் கார்களைப் பின்னால் தள்ளிவிட்டு அது முதலாவதாக வந்தது. ஊர் பப்பில் அவர்களை யாரும் காசு கொடுக்க விடவில்லை. ஒரு பிஸ்கட் கம்பெனி முதலாளி தேடி வந்து, பணம் கொடுத்துத் தன் பெயரைக் காரில் எழுதச் சொன்னார்.

குளிர்காலம் வந்ததும் டெனிஸ் அந்தக் காரை விற்றான். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். பழையதை விற்றுப் புதியதைக் கட்டுவார்கள். ஆனால் ஜெயிக்கிற காரை விற்கிறவனை என்னவென்று சொல்வது? பெரில் கையிலிருந்த பிரஷ்ஷை எறிந்துவிட்டுச் சொன்னாள். இதையே இன்னும் ஒரு வருடம் ஓட்டினால் டீம் பிழைக்கும், விற்றால் கொட்டகைக்குப் பன்றிகள்தான் திரும்பி வரும் என்றாள். டெனிஸ் சிரித்தான். பழைய காரோடு வந்து நிற்கிறவனைப் பந்தயத்தில் ஒருவனும் மதிக்கமாட்டான் என்றான். லிங்கன்ஷயர் உருளைக்கிழங்கு வியாபாரியின் மகன் ரூப்பர்ட் ஆம்ப்லர் அதை வாங்கிப் போனான்.

புதுக் கார் பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஓடத்தான் இல்லை. நேற்றுவரை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஆம்ப்லர், அவர்கள் கட்டிய காரிலேயே அவர்களை ஒவ்வொரு பந்தயத்திலும் தாண்டிப் போனான். பிஸ்கட் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்னெட்டர்டன் பந்தயத்துக்கு நேரில் வருகிறேன், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

அன்று காலைப் பயிற்சியில் ஆம்ப்லர் வேலியில் மோதினான். பழைய காரின் மூக்கு பிளந்துவிட்டது. அவனுடைய மெக்கானிக் நெவில், துண்டுகளை அள்ளிக்கொண்டு நேராகப் பெரிலிடம் வந்தான்.

“மிஸஸ் ஸ்கட், உங்கள விட்டா இத ஒட்ட இங்க ஆளில்ல.”

டெனிஸ் அவளை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனான். “ரெசின் தீந்து போச்சுன்னு சொல்லிடு” என்றான்.

பெரிலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பந்தயத் திடலில் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கமே கிடையாது. எதிரியாக இருந்தாலும் ஸ்பானர் கொடுப்பார்கள், என்ஜினே கொடுப்பார்கள். ஜெயிப்பதெல்லாம் கொடி அசைந்த பிறகுதான். முன்பு இவர்களுடைய கியர்பாக்ஸ் உடைந்தபோது ஒருவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு இவர்களிடமே தோற்றான். அந்தக் கதையை டெனிஸ் பப்பில் கண் கலங்கக் கலங்கச் சொல்லுவான்.

“அன்னிக்கு கியர்பாக்ஸ் குடுத்தவன் தீந்து போச்சுன்னு சொல்லியிருந்தா, நீ எங்க இருந்திருப்ப?”

“அது வேற. பிஸ்கட்காரர் கேலரில உக்காந்து பாத்துட்டிருக்கார். இந்தக் கார் ஓடுச்சுன்னா நாம காலி.”

“அத வித்த அன்னிக்கே காலி” என்று சொல்லிவிட்டு அவள் ரெசின் டப்பாவை எடுத்தாள்.

சீக்கிரம் இறுகவேண்டும் என்று, ரெசினை இறுக்கும் மருந்தைக் கூடுதலாகக் கலந்தாள். கலவை சூடேறி டப்பா கையைச் சுட்டது. திட்டிக்கொண்டே ஒட்டினாள், திட்டிக்கொண்டே தேய்த்தாள். பெயின்ட் அடிக்க நேரமில்லை. சிவப்பு மூக்கில் மஞ்சள் ஒட்டோடு கார் புறப்பட்டது. அதுவே முதலாவதாகவும் வந்தது. டெனிஸின் புதுக் கார் எங்கோ பின்னால் வந்து சேர்ந்தது. பிஸ்கட் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அடுத்த மாதம் அவருடைய பெயர் ஆம்ப்லரின் காரில் இருந்தது. இலையுதிர் காலத்துக்குள் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது.

பெரில் ஒரு படகுப் பட்டறையில் அதே ரெசின் வேலைக்குப் போனாள். அக்காதான் டீமை முடித்தாள் என்று டெனிஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். பல வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், அவள் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னான். வான்கோழி அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“டீம ரெண்டு தடவ வித்த, டெனிஸ். கார வித்தப்ப ஒரு தடவ, ரெசின் இல்லன்னு சொல்லச் சொன்னப்ப இன்னொரு தடவ. மொத தடவைக்கு எப்பவோ உன்ன மன்னிச்சுட்டேன்.”

மறுபடி கத்தியை எடுத்து வான்கோழியை அறுத்தாள். டெனிஸின் தட்டில் மட்டும் கறி வைக்கவில்லை.