சுண்ணாம்புக்கு அடியில் ஓர் ஆண்டு

1983-ம் வருடம், கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்து சில நாள் ஆகியிருந்தது. திருவண்ணாமலைக்கு வெளியே, செங்கம் சாலையை ஒட்டிய பழைய தர்கா ஒன்றில் ஏணிமேல் நின்றிருந்தேன்.

ஒரு கட்டடம் எந்த ஆண்டில் எழுந்தது என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்த தர்கா என்னை வெகுகாலமாகப் படுத்தியது. தூண்கள் கோயில் மண்டபத்துத் தூண்களைப் போலப் பட்டை வைத்தவை. மேலே உருண்ட குவிமாடம். உள்ளே அடங்கியிருக்கும் பாவா எந்த நூற்றாண்டுக்காரர் என்பதில் ஊரில் ஆளுக்கொரு கணக்கு. வாசலுக்கு மேலே பாரசீகக் கல்வெட்டு உண்டு. ஆனால் சந்தனக்கூடு விழாவுக்கு முன் வேண்டுதல்காரர்கள் தங்கள் கையாலேயே சுவரில் சுண்ணாம்பு பூசுவது அங்கே வழக்கம். பூசிப் பூசி எழுத்து மூடிவிட்டது.

தர்கா பொறுப்பாளர் ஒருவழியாகச் சம்மதித்தார். "சொரண்டிக்கோங்க. வருஷம் தெரிஞ்சா பாவா ஜாஸ்தி வரம் குடுத்துடுவாரா சார்?" என்று கிண்டல் வேறு.

மறுநாள் புதுப்பூச்சு தொடங்கிவிடும். மூங்கில் சிராயால் அவசர அவசரமாகச் சுரண்டினேன். பாரசீகத்தில் எனக்கு எண்கள் மட்டும்தான் தெரியும், அவை போதும். ஆண்டு இருக்கக்கூடிய இடமான கடைசி வரியின் இடது மூலையில் கை வைத்தேன்.

"ஐயோ, அந்த மூலைய மட்டும் விட்டுடுங்க சார்!"

கீழே ஒரு பெண், சுண்ணாம்பு வாளியோடு. பூச்சுக்கு ஒரு நாள் முன்பே கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டவள். கணவருக்கு அன்று வேலூரில் ஆபரேஷன். போன வருடம் அவர் படுத்தபோது, அவள் வேண்டிக்கொண்டு பூசியது அந்த மூலைதானாம். "அது பேந்துட்டா அவருக்கு எதனா ஆயிடும்னு பயமா இருக்குதுங்க."

பொறுப்பாளரைப் பார்த்தேன். "என்ன ஏன் பாக்கறீங்க? ஏணில நிக்கறது நீங்க."

எண் ஒன்றின் வளைவு ஏற்கெனவே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினால் போதும். வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்நேரம் வேலூரில் ஒருவர் மேஜைமேல் கிடந்தார்.

இறங்கி, அவளுக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பாதி ஏறியவள் இறங்கிவிட்டாள். "நீங்க சொரண்டின எடம், நீங்களே பூசிடுங்க."

அந்த வளைவின்மேல் நானே சுண்ணாம்பை அப்பினேன்.

அடுத்த சந்தனக்கூட்டுக்குப் போனபோது, மெலிந்த மனிதர் ஒருவர் ஏணியில் நின்று, "இந்த மூலதானாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா, அந்த சார் பூசின எடந்தான்" என்றாள், கீழே ஏணியைப் பிடித்திருந்த அதே பெண்.

அந்த ஆண்டு எதுவென்று தெரியாமல் இன்றும் மனம் அரிக்கிறது. ஆனால் அந்த ஏணியில் மறுபடி ஏறும் அளவுக்கு ஒருநாளும் அரித்ததில்லை.