நாலு நிமிடத்தில் காணாமல் போன கோவிந்தம்மாள்

ஃபஸீஹாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது திண்டிவனத்தில் அவளைப் படமெடுக்கக் கூப்பிட்ட எல்லாருக்கும் தெரியும். கல்யாண மேடையில் அவள் கேமராவுக்குக் குறுக்கே யாராவது செல்போனை நீட்டினால் மாப்பிள்ளையின் மாமன் என்றும் பார்க்கமாட்டாள். கோட்டக்குப்பத்தில் பிறந்து, பெண்கள் மட்டும் கூடும் விசேஷங்களைப் படம்பிடித்துப் பிழைப்பை ஆரம்பித்து, முப்பத்தாறு வயதில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்தவள். அந்தக் கோபம் இல்லாவிட்டால் எப்போதோ ஓரங்கட்டியிருப்பார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஷார்ஜாவிலிருந்து தம்பி ஹம்தான் கொண்டுவந்து கொடுத்த பழைய மீடியம் ஃபார்மாட் டிஜிட்டல் கேமரா. செங்கல் கனம் கனக்கும். ஆனால் தூரத்தில் நிற்கிற ஆளின் மூக்குத்தியைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதன் லென்ஸில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, பகலிலேயே நாலு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைப்பாள். அலையடிக்கும் தண்ணீர் படத்தில் பால்போல் இழைந்துவிடும். அசையாமல் இருப்பது மட்டும் நிற்கும். அசைந்துகொண்டே இருப்பது ஒன்றும் பதியாது.

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு சிற்றூரின் ஏரியை அப்படி எடுத்துத் தரச் சொன்னது ஒரு ரிசார்ட் கம்பெனி. விளம்பரத்துக்கு என்றான் மேனேஜர் பிரவீன்குமார். மேகம் மூடிய காலையில் போய் கேமராவின் முக்காலியை நிறுத்தினாள். ஏரியை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் பாதி ஊர் இருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடியைச் சுமந்துகொண்டு பெண்கள் கடந்தார்கள். கோவிந்தம்மாள் என்பவள் தன் ஆடுகளை ஓரமாக ஓட்டப் பார்த்தாள்.

"நாங்க தள்ளிக்கணுமாம்மா?"

"வேணாங்க்கா. நீங்க பாட்டுக்கு நடந்துக்கினே இருங்க. நின்னாதான் படத்துல விழுவீங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். யார் வேலையையும் கெடுக்கக் கூடாது என்று நினைத்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் எதுவும் சரியாகத் தெரியாது என்பதால், ஃபோகஸ் பார்க்க வழக்கம்போல் அது இல்லாமல் ஒரு படம் தட்டினாள். பிறகு கண்ணாடியை மாட்டி நாலு நிமிடம் திறந்து வைத்தாள். படத்தில் ஏரியும் வானமும் பனைகளும் மட்டும் இருந்தன. யாரோ நிறுத்திவிட்டுப் போன ஒரு டிவிஎஸ் வண்டி மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தது. பிரவீன்குமார் கேட்டதும் அதையும் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுத்தாள். பெருமையாகத்தான் கொடுத்தாள், அந்தக் கூறுகெட்டவள்.

இரண்டு மாதம் கழித்து, கையில் ஒரு ஜெராக்ஸ் தாளோடு கோவிந்தம்மாள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். அந்த மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுக் கம்பெனி அரசாங்கத்துக்கு எழுதியிருந்தது. யாரும் பயன்படுத்தாத வெற்று நிலமாம். அதற்கு அத்தாட்சி ஃபஸீஹாவின் படம். கீழே தேதியும் நேரமும் போட்டிருந்தது.

"இதுல நான் எங்க? என் ஆடுங்க எங்க? நடந்துக்கினே இருன்னு நீதான சொன்ன? நடந்தேன். அதுக்கு எங்க நெலத்தையே புடுங்கிக்கினு போவீங்களா?"

கோவிந்தம்மாள் போன பிறகு ஃபஸீஹா பிரவீன்குமாரைப் போனில் பிடித்தாள்.

"வெத்து நெலம்னு எழுதினது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"மேடம், நாங்க ஒரு புள்ளிகூட மாத்தல. நீங்க எடுத்த படம்தான்."

"அந்த வண்டிய அழிக்கச் சொன்னது யாரு?"

"அழிச்சது யாரு மேடம்?"

அவன் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. அவன் மேல் வந்த கோபத்தைவிட அந்த வண்டியை அழித்த தன் விரல்கள் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

ஃபோகஸ் பார்க்க எடுக்கும் படத்தை எல்லாரும் குப்பையென்று அழித்துவிடுவார்கள். ஃபஸீஹா சோம்பேறித்தனத்தில் எதையும் அழிப்பதில்லை. ஹார்டு டிஸ்க்கில் தேடிப் பிடித்தாள். அதே ஏரி, அதே பனைகள், மூன்று நிமிடம் முந்தைய நேரம். பத்தொன்பது பேர் இருந்தார்கள். உட்கார்ந்து இரண்டு தரம் எண்ணினாள்.

கம்பெனியைக் கேட்காமல் எந்தப் படத்தையும் வெளியே காட்டக் கூடாது என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தப் படத்தைக் காட்டப்போவதாக அவள் சொன்னதும், காட்டினால் கேஸ் போடுவோம் என்று பிரவீன்குமார் மெசேஜ் அனுப்பினான். "போடுங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டு குத்தகை மனு விசாரணைக்கு வந்த நாளில் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

கோவிந்தம்மாளும் ஊர்க்காரர்களும் பிரவீன்குமாரும் வந்திருந்தார்கள். அதிகாரி முன்னால் லேப்டாப்பைத் திறந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் பொறுமையாகத்தான் பார்த்தார்.

"ஏம்மா, இது கண்ணு இமைக்கிற நேரத்துல எடுத்தது. அது நாலு நிமிஷம் பாத்து எடுத்தது. நாலு நிமிஷம் பாத்ததுதான நம்பகமா இருக்கும்?"

பிரவீன்குமார் தலையை ஆட்டினான். ஃபஸீஹா வெடித்தாள்.

"நாலு நிமிஷம் பாத்தா அசைஞ்சவங்கள்லாம் அழிஞ்சிடுவாங்க சார்! சொம்மா நிக்கிறதுதான் அதுல விழும். வேலை செய்றவங்க விழமாட்டாங்க. நிறுத்தி வெச்ச வண்டி ஒண்ணு விழுந்துது, அதையும் நான்தான் அழிச்சேன். தப்பு என்னுது. என் மேல கேஸ் போட்டுக்கட்டும். அவங்க நெலத்த விட்டுருங்க."

சொல்லிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். பனைமரத்தடியில் புள்ளியாக இருந்த உருவம் வளர்ந்து வளர்ந்து திரை முழுக்க கோவிந்தம்மாளின் முகமானது. மூக்குத்தி தெரிந்தது. அதிகாரி திரையைப் பார்த்தார். எதிரே நின்ற கோவிந்தம்மாளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்.

"சரி. இன்னிக்கு உத்தரவு ஒண்ணும் எழுதல. அடுத்த வாரம் நானே நேர்ல வந்து பாக்கறேன்."

ஊர்க்காரர்கள் மூச்சுவிட்டார்கள். கோவிந்தம்மாளுக்கு மட்டும் ஆறவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்குக் கிட்டே வந்தாள்.

"வாங்க சாரு. ஆனா ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுங்க. நீங்க வரும்போது நாங்க நிக்கணுமா, நடந்துக்கினு இருக்கணுமா?"